குள்ளர்கள் சுரங்கத்திலே; கோடு போட்டவர்கள் தெருவிலே!

கன்சாஸ் நகரம். அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியிலே உள்ள ஊர். ஆண்டு 1911. பனிக்காலம். விடியற்காலை மூன்றரை மணி. ஊர் உறங்குகிறது, நாய்கூடக் குரைக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டிலே மட்டும் விளக்கு எரிகிறது. பத்து வயது நிறையாத பாலகன் ஒருவனைத் தட்டி எழுப்புகிறார் தகப்பனார். கட்டுக் கட்டாகப் பத்திரிகைகள் காத்திருக்கின்றன. பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் அவை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

பத்திரிகைக் கட்டைப் பிரித்துப் பழகிய தோழர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். நமக்காவது அது விரும்பி ஏற்ற பணி. அந்தப் பாலகனுக்கோ, வேறு வழியில்லாத வேலை. பனி கொட்டும் நாட்களிலே முழங்காலுக்கு மேல் புதையும். வீசி எறிந்தால் ஏடு நனைந்துவிடும் என்று, ஒவ்வொரு வாசலிலும் ஏறி வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார் தகப்பனார். மாடி வீடுகளின் நடைவழியிலே கொஞ்சம் சூடு இருக்கும். அங்கே ஒரு மூலையிலே முடங்கிக் கண்ணயர்ந்துவிடுவான். பிறகு திடுக்கிட்டு எழுந்து ஓடுவான். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இப்படி! கூலி? அந்தப் பேச்சே கிடையாது. மற்ற பையன்களுக்குக் கூலி உண்டு. பெற்ற பிள்ளைக்கு இல்லை. சோறு போடுகிறோமே, அது போதாதா என்பது தகப்பனாரின் கணக்கு.

அந்தப் பாலகன் பின்னாளிலே கோடீசுவரனானான். உலகமே அவன் பெயரை உச்சரித்தது. ஆனாலும் ஏதோ ஒரு வீட்டுக்குப் பத்திரிகை போட மறந்துவிட்டது போன்ற கனவு, அவன் தலை நரைத்த பிறகும் வந்துகொண்டே இருந்ததாம். வியர்த்து விழித்துக்கொள்வானாம். உழைப்பின் தழும்பு உள்ளங்கையிலே மட்டுமா விழுகிறது!

அவன்தான் வால்ட் டிஸ்னி. 1901 டிசம்பர் 5-ஆம் நாள் சிகாகோவிலே பிறந்தவன். மிக்கி எலியைப் பெற்றெடுத்தவன் என்று அவனை எல்லோரும் அறிவர். நாம் இன்று பேச வந்தது எலியைப் பற்றி அல்ல. பாட்டி சொல்லும் பழங்கதை ஒன்றை எடுத்து, குடும்பத்தோடு கொட்டகைக்கு வந்து எல்லோரும் பார்க்கும் பெரும் படமாக அவன் ஆக்கிய கதையைப் பற்றி. அதை ஆக்கிக் கொடுத்த கைகளுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றி.

தகப்பனார் எலியாஸ் டிஸ்னியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அவர் சமதர்மம் பேசியவர், தோழர்களே! சமதர்ம ஏடு வாங்கிப் படித்தவர். அந்த நாட்டின் சமதர்மத் தலைவர் யூஜின் டெப்ஸ் தேர்தலிலே நின்றபோது அவருக்கு வாக்களித்தவர். மார்சலின் என்ற சிற்றூரிலே பண்ணை வைத்திருந்தபோது, விளைச்சலுக்கு நியாய விலை கேட்க உழவர்கள் ஒன்றுகூட வேண்டுமென்று வீடு வீடாகச் சொன்னவர். அப்படிப்பட்டவர்தான் தன் பிள்ளையின் உழைப்புக்கு மட்டும் ஒரு காசு கொடுக்க மறந்துபோனார். ஊருக்குத்தான் உபதேசம்! மூத்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டைவிட்டு ஓடிப்போனதிலே வியப்பில்லை. இதை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வினை முப்பது ஆண்டு கழித்து, வேறொரு வாசலிலே, வேறொரு வேடத்தோடு வந்து நிற்கப் போகிறது.

1917 சனவரியிலே ஒரு நாள். கன்சாஸ் நகரத்துப் பெரிய மண்டபத்திலே பத்திரிகை போடும் பையன்களுக்கென்று இலவசக் காட்சி. ஆயிரக்கணக்கிலே பையன்கள். படம் ஊமைப்படம், பெயர் ‘ஸ்நோ ஒயிட்’. மண்டபம் பெரிது என்பதால் நான்கு திரைகளைக் கட்டி, நான்கு கருவிகளால் ஒரே நேரத்திலே ஓட்டினார்கள். வால்ட் உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு திரைகள் தெரிந்தன. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் முந்தி ஓடிற்று. ஒரு திரையிலே நடக்கப்போவதை இன்னொரு திரையிலே முன்கூட்டியே கண்டான் அந்தப் பதினைந்து வயதுப் பையன். காசு கொடுத்துப் பார்த்த படமல்ல. கால் கடுக்க நடந்ததற்கு ஊர் கொடுத்த கருணைக் காட்சி. ஆனால் நெஞ்சிலே தங்கிவிட்டது.

கதை செருமனி நாட்டுக் கதை. கிரிம் என்ற உடன்பிறந்தார் இருவர், 1812-லே அச்சேற்றிய நாட்டுக் கதைத் தொகுதியிலே வருவது. பனி போன்ற வெண்மேனி கொண்ட இளவரசி. அவள் அழகு கண்டு பொறாமைத் தீயிலே வேகும் அரசி. உண்மை பேசும் கண்ணாடி. காட்டிலே ஏழு குள்ளர்கள். நஞ்சு கலந்த ஆப்பிள். முதல் பதிப்பிலே அந்த அரசி மாற்றாந்தாய் அல்ல, பெற்ற தாய்! தாயே மகளைக் கொல்லத் துணிவதா என்று கூசியோ என்னவோ, அடுத்த பதிப்பிலே அவளைச் சிற்றன்னையாக மாற்றிவிட்டனர். மகளின் ஈரல் என்று நம்பி, ஒரு பன்றிக்குட்டியின் ஈரலைச் சமைத்துத் தின்கிறாள் அரசி. முடிவிலே, பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை அவள் காலிலே மாட்டி, சாகும்வரை ஆடவிடுகிறார்கள். இதுதான் குழந்தைகளுக்குச் சொன்ன கதை! எந்த நாட்டுப் பாட்டியும் இளகிய மனம் படைத்தவள் அல்ல போலும்.

ஊமைப்படம் பார்த்த பையன், அந்தக் கதையைக் கையிலே எடுக்கப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. இடையிலே என்னென்னவோ. 1918-லே, வயதைக் கூட்டிக் காட்டிச் செஞ்சிலுவை வண்டி ஓட்டப் பிரான்சுக்குப் போனான். போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. திரும்பி வந்து, 1922-லே கன்சாஸ் நகரத்திலே ‘லாஃப்-ஓ-கிராம்’ என்று ஒரு படக்கம்பெனி தொடங்கினான். அப்போதும் பழங்கதைகள்தான் சரக்கு. சிண்டரெல்லா, பூட்ஸ் போட்ட பூனை, சிவப்புத் தொப்பிச் சிறுமி என்று சின்னச் சின்னச் சித்திரப் படங்கள். கம்பெனி அடுத்த ஆண்டே திவாலாயிற்று. கிழிந்த பெட்டியோடு ஹாலிவுட்டுக்கு இரயில் ஏறினான். அண்ணன் ராய் கணக்குப் பார்க்க, தம்பி கற்பனையைப் பார்க்க, சிறிய நிலையம் ஒன்று எழுந்தது. ‘ஆஸ்வல்டு’ என்ற முயலை உருவாக்கி நல்ல பெயர் வாங்கினான். 1928-லே, முயல் உனக்குச் சொந்தமல்ல என்று சட்டம் பேசினார் விநியோகத் தரகர். முயலோடு பெரும்பாலான ஓவியர்களையும் இழுத்துக்கொண்டார். தன் படைப்பு தன் கையைவிட்டுப் போவதன் வலி என்னவென்று அன்று வால்ட் டிஸ்னிக்கு நன்றாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கும் அதே வலி இருக்கும் என்பது தெரிந்ததா? பார்ப்போம்.

ஓடிப்போகாமல் உடன் நின்றவன் அப் ஐவர்க்ஸ் என்ற ஓவியன். மிக்கி எலியை முதலிலே காகிதத்திலே ஓடவிட்ட கை அந்தக் கைதான். 1928 நவம்பரிலே எலி ஒலியோடு திரைக்கு வந்தது, உலகம் கைதட்டிற்று. கைதட்டலெல்லாம் ஒரே பெயருக்குப் போயிற்று. 1930-லே ஐவர்க்ஸ் மனக்கசப்போடு விலகிப் போனான். பத்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்தான்.

இனி, 1934. சின்னக் கார்ட்டூன்கள் பெரிய படத்துக்கு முன்னே ஏழெட்டு நிமிடம் ஓடும் தொடுகறி மாதிரி. தொடுகறிக்கு எவன் முழுச் சாப்பாட்டு விலை கொடுப்பான்? முழு நீளப் படம் எடுத்தால்தான் பிழைப்பு என்று டிஸ்னி முடிவு கட்டினார். (முதலாளியாகிவிட்டாரல்லவா, இனி நாமும் ‘ர்’ போட்டுப் பேசுவோம்.) ஒரு மாலை, ஓவியர்கள் கையிலே சில்லறை கொடுத்து இரவு உணவுக்கு அனுப்பினார். திரும்பி வந்தவர்களை இருண்ட கொட்டகையிலே உட்கார வைத்தார். ஒற்றை விளக்கின் கீழே நின்று கதை முழுவதையும் நடித்துக் காட்டினார். அரசியாகச் சீறினார், குள்ளனாகத் தள்ளாடினார், இளவரசியாக மயங்கி விழுந்தார். பல மணி நேரம். அந்த இரவிலே கண்டதைத்தான் பிறகு மூன்றாண்டுகள் வரைந்தோம் என்று ஓவியர்கள் பலர் பின்னாளிலே சொன்னார்கள். மேடை ஏறிப் பேசிப் பழகியவன் என்ற முறையிலே ஒப்புக்கொள்கிறோம்: ஒரு கூட்டத்தை ஒரே இரவிலே தன் வயப்படுத்துவது எளிய வித்தை அல்ல.

ஊர் நகைத்தது. கார்ட்டூனை எவன் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பான்? கண் வலிக்காதா? மனைவி தடுத்தார், அண்ணன் தடுத்தார், பட முதலாளிகள் இதற்கு டிஸ்னியின் மடமை என்றே பெயர் சூட்டினார்கள்.

ஏன் முடியாது என்று அவர் கேட்டதிலேதான் அவருடைய திறமை இருக்கிறது. கிரிம்மின் ஏட்டிலே குள்ளர்கள் எழுவருக்கும் பெயர் கிடையாது, முகம் கிடையாது. ஏழு என்ற எண்ணிக்கைதான். டிஸ்னி ஆளுக்கொரு பெயரும் குணமும் கொடுத்தார். ஒருவர் வாய் குழறும் தலைவர், ஒருவர் சிடுமூஞ்சி, ஒருவர் தூங்குமூஞ்சி, ஒருவர் கூச்சக்காரர், ஒருவருக்கு ஓயாத தும்மல், ஒருவர் சிரித்த முகம், கடைசி ஆள் வாயே திறக்காத அப்பாவி. சிரிப்பு மூட்டும் யோசனை கொண்டுவந்து, அது படத்திலே ஏறினால் ஐந்து டாலர் பரிசு என்றார். ஏட்டிலே அரசி மூன்று முறை கொல்ல வருகிறாள்: இடுப்புக் கச்சையின் கயிறு, நஞ்சுச் சீப்பு, ஆப்பிள். படத்திலே ஆப்பிள் ஒன்றே போதும் என்றார். ஏட்டிலே, சவப்பெட்டியைத் தூக்குகிறவன் தடுக்கி விழ, தொண்டையிலே சிக்கிய துண்டு வெளியே வந்து பெண் பிழைக்கிறாள். அதை முத்தமாக மாற்றினார். இரும்புச் செருப்பு போயிற்று; இடி விழுந்த பாறையிலிருந்து அரசி உருண்டாள். குள்ளர்கள் கஞ்சி குடிக்கும் காட்சி ஒன்றை வார்டு கிம்பால் என்ற இளைஞர் மாதக்கணக்கிலே வரைந்திருந்தார். நல்ல காட்சிதான், கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று டிஸ்னி வெட்டி எறிந்தார். அழகான பத்தியை எழுதிவிட்டு அதை அடிக்க மனம் வராத எழுத்தாளர்களுக்கு அந்த நெஞ்சுரம் புரியும். நமக்கு அது இன்னும் வரவில்லை.

ஆனால் யோசனை ஒருவருடையது. உழைப்பு எத்தனை பேருடையது! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வினாடிக்கு 24 கட்டங்கள். படம் 83 நிமிடம். ஆக ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள். இளைஞர்கள் காகிதத்திலே பென்சிலால் வரைவார்கள். அதைத் தெளிவான தகட்டின் அடியிலே வைத்து, கோடு கோடாக மையால் படியெடுப்பவர்கள் பெண்கள். தகட்டைத் திருப்பி வண்ணம் தீட்டுபவர்களும் பெண்கள். மயிரிழை பிசகினால் திரையிலே அந்தக் கோடு துள்ளும். வெள்ளைக் கையுறையும், குனிந்த தலையும், இரவும் பகலுமாக நூற்றுக்கணக்கான பெண்கள்! வரைகின்ற அறைக்குள்ளே அவர்களுக்கு இடமில்லை. கற்பனை ஆண்களுக்கு, படியெடுப்பது பெண்களுக்கு என்று நிலையம் சட்டமே வைத்திருந்தது. இளவரசிக்குக் குரல் கொடுத்து, பாட்டும் பாடிய இளம்பெண் அட்ரியானா கசலோட்டி. அவளுக்குக் கிடைத்த மொத்த ஊதியம் ஆயிரம் டாலரைக்கூட எட்டவில்லை. அவள் பெயர் திரையிலே வரவேயில்லை.

செலவோ வெள்ளம்போல் ஏறிற்று. இரண்டரை லட்சம் டாலர் என்று தொடங்கியது, ஏறத்தாழ 15 லட்சத்திலே போய் நின்றது. வீட்டை அடகு வைத்தார். வங்கிக்காரரை அழைத்து, பாதி வண்ணமும் பாதிப் பென்சிலுமாகக் கிடந்த படத்தைப் போட்டுக் காட்டினார். இல்லாத இடத்திலே தானே நடித்து நிரப்பினார். வங்கிக்காரர் வாய் திறக்கவில்லை. கார் வரை நடந்து, ஏறப்போகும்போதுதான், இது பணம் கொட்டும் படம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

1937 டிசம்பர் 21. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கார்த்தே சர்க்கிள் கொட்டகை. நகைத்தவர்களெல்லாம் முன்வரிசையிலே. சார்லி சாப்ளினும் வந்திருந்தார். குள்ளர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சவப்பெட்டியருகே நிற்கிறார்கள். உயிரில்லாத கோடுகள்தான், வெறும் மையும் வண்ணமும்தான். கொட்டகையிலே விம்மல் கேட்டது. நடிகர்கள் அழுதார்கள். மடமை என்று சொன்ன வாய்கள் மூடிக்கொண்டன. முதல் ஓட்டத்திலேயே 80 லட்சம் டாலர் வசூல். பத்துச் சென்ட்டுக்கும் இருபது சென்ட்டுக்கும் டிக்கெட் விற்ற காலத்திலே! 1939-லே, பெரிய சிலை ஒன்றும் சின்னச் சிலை ஏழுமாக ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள்.

அந்தப் பணத்திலே பெற்றோருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள் பிள்ளைகள். பனிக்கு இதமாகச் சூடேற்றும் அடுப்பும் இருந்தது அதிலே. 1938 நவம்பரிலே அந்த அடுப்பின் பழுதால் நச்சுப்புகை பரவி, தாய் ஃபுளோரா மாண்டுபோனார். வெற்றியின் கூலியாக வந்த வீடே தாயின் உயிரைக் குடித்தது. அதைப் பற்றி டிஸ்னி வாழ்நாள் முழுவதும் பேச மறுத்தார். தாயை இழந்த இளவரசி கதையை எடுத்தவர் என்று நாமும் எதையாவது சேர்த்துச் சொல்லலாம். வேண்டாம், துக்கத்திலே அலங்காரம் எதற்கு?

மீதிப் பணத்திலே பர்பாங்க் என்ற இடத்திலே 51 ஏக்கரில் புதிய நிலையம் எழுந்தது. குளிர்காற்று வீசும் அறைகள், உணவுவிடுதி, உடற்பயிற்சிக் கூடம். ஆனால் எல்லா வசதியும் எல்லோருக்கும் அல்ல. படிக்கட்டு வைத்துப் பிரித்திருந்தார்கள். மேலே இருந்த ஓவியருக்கு வாரம் 200 டாலருக்கு மேல். கீழே மைதொட்டுப் படியெடுத்தவருக்கு 20 டாலரை எட்டுவதே அரிது. இளவரசி படத்துக்காக இரவெல்லாம் கண்விழித்தோமே, இலாபம் வந்தால் பங்கு உண்டு என்று நம்பினோமே, அது எங்கே போயிற்று என்ற முணுமுணுப்பு எழுந்தது. அந்த நேரம் பார்த்து ஐரோப்பாவிலே போர். 1940-லே வந்த ‘பினோக்கியோ’வும் ‘பான்டேசியா’வும் போட்ட முதலைத் திருப்பவில்லை. ஆட்குறைப்பு என்ற பேச்சு வந்தது. முணுமுணுப்பு முழக்கமாயிற்று.

ஆர்ட் பாபிட் என்ற ஓவியரை இங்கே நினைவிலே நிறுத்த வேண்டும். திரையிலே குழந்தைகளைக் குலைநடுங்க வைத்த அந்தப் பொல்லாத அரசியை வரைந்தவர்களிலே முதன்மையானவர் அவர்தான். மேல்படியிலே இருந்தவர், நல்ல சம்பளக்காரர், வாய்மூடி இருந்திருந்தால் வளமாக வாழ்ந்திருப்பார். தன் கீழே வேலை செய்த உதவியாளருக்குச் சம்பளம் உயர்த்திக் கேட்டார், மறுத்தார்கள். நிருவாகத்துக்கு இசைவான சங்கம் ஒன்று உள்ளே இருந்தது. அதற்கே தலைவராக இருந்தவர், அதை உதறிவிட்டு உண்மையான தொழிற்சங்கத்திலே சேர்ந்தார். 1941 தொடக்கத்திலே டிஸ்னி ஊழியர்களைக் கூட்டி நீண்ட நேரம் பேசினார். தான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னார். முன்னேறாதவன் தன் குறையைத்தான் பார்க்க வேண்டும் என்ற பொருளிலே முடித்தார். 1934-லே ஒரே இரவிலே எல்லோரையும் கட்டிப் போட்ட அதே நாக்கு! இந்த முறை கூட்டத்தின் பாதி எதிர்முகாமுக்குப் போயிற்று. மே மாதக் கடைசியிலே பாபிட்டையும் சங்கத்தார் சிலரையும் வேலைநீக்கம் செய்தார். மறுநாளே நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேறி வாயிலிலே மறியல் தொடங்கினார்கள்.

ஓவியர்களின் மறியல் எப்படி இருக்கும்! அட்டைகளிலே மிக்கியும் புளூட்டோவும் முழக்கமிட்டன. முதலாளிக்குப் பொன் சுமந்த எலியும் நாயும் முதலாளிக்கு எதிராகவே அணிவகுத்தன. முதலாளி காரிலே உள்ளே நுழையும்போது பாபிட் ஒலிபெருக்கியிலே பெயர் சொல்லிக் கேட்டார். இவர் காரைவிட்டு இறங்கிக் கைகலப்புக்கே போனாராம். நடுவிலே நின்றவர்கள் விலக்கிவிட்டார்கள். ஏறத்தாழ ஒன்பது வாரம். கடைசியிலே அரசாங்கத்து நடுவர் வந்தார். டிஸ்னி நல்லெண்ணப் பயணம் என்று தென்அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். ராய் உட்கார்ந்து கையெழுத்திட்டார். சங்கம் ஏற்கப்பட்டது. சம்பளம் உயர்ந்தது. நீக்கப்பட்டவர்கள் திரும்பினார்கள்.

அந்தப் பயணத்தின்போதுதான், 1941 செப்டம்பரிலே, தகப்பனார் எலியாஸ் மறைந்தார். உழவர்களை ஒன்றுகூடச் சொன்னவர். பிள்ளைக்குக் கூலி தராதவர். இறுதிச் சடங்குக்குப் பிள்ளை வரவில்லை.

டிஸ்னி மன்னிக்கவில்லை. 1947 அக்டோபரிலே, வாஷிங்டனிலே கம்யூனிஸ்ட் வேட்டை ஆடிய குழுவின் முன்னே போய் உட்கார்ந்து, அந்த வேலைநிறுத்தம் கம்யூனிஸ்டுகளின் சதி என்றார். சங்கத் தலைவரின் பெயரையும், தன்னிடம் வேலை பார்த்த ஓவியர் ஒருவர் பெயரையும் எடுத்துக் கொடுத்தார். குழந்தைகளின் கதையை அத்தனை நுட்பமாகப் புரிந்துகொண்ட மனிதருக்கு, இருபது டாலர் சம்பளக்காரியின் கதையைப் புரிந்துகொள்ள ரஷ்யச் சதி தேவைப்பட்டது. பாபிட்டோ, மீண்டும் வெளியேற்றப்பட்டு, வழக்காடி வென்று, போருக்குப் பின் அதே நிலையத்துக்குள்ளே தலைநிமிர்ந்து நடந்தார். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் தாமாகவே வெளியேறினார். வேலைநிறுத்தத்தோடு விலகிய வேறு சிலர் கூடி யூ.பி.ஏ. என்ற நிலையம் கண்டு, கார்ட்டூனுக்கே புது நடை கொடுத்தார்கள்.

பிறகு 1950-லே சிண்டரெல்லா, 1955-லே டிஸ்னிலேண்ட், 1959-லே உறங்கும் அழகி, அதன் பிறகும் பல. செல்வம் மேன்மேலும் குவிந்தது. 1966 டிசம்பர் 15-லே, ஓயாது சிகரெட் ஊதிய அந்த மனிதரை நுரையீரல் புற்றுநோய் கொண்டுபோயிற்று. வயது 65.

அந்தப் படம் இன்றும் ஓடுகிறது. பார்க்கிற தோழர்கள், தொடக்கத்திலே வரும் பெயர்களின்போது கொஞ்சம் கண்ணை ஊன்றிப் பாருங்கள். தன் ஊழியர்களின் விசுவாசத்துக்கும் உழைப்புக்கும் நன்றி சொல்லி, டிஸ்னி கையெழுத்திட்ட அட்டை ஒன்று வரும். அடுத்து ஓவியர்களின் பட்டியல் ஓடும். அதிலே பாபிட்டின் பெயர் இருக்கிறது. மைதொட்டுப் படியெடுத்த பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. பிறகு கதைப் புத்தகம் திறக்கிறது. கண்ணாடியின் முன்னே அரசி வந்து நிற்கிறாள். கொஞ்ச நேரத்திலே, சுரங்கத்திலே வைரம் வெட்டிய குள்ளர்கள் எழுவரும் பாடிக்கொண்டே வீடு திரும்புகிறார்கள்.